புது சீசனில் எதைப் பார்ப்பது, எதை விடுவது: கொழும்பில் இருந்து அனிமே தொடர்கிறவர்களுக்கு

கேள்வி இதுதான்: "வெள்ளவத்தையில் இருக்கிறேன். வேலை முடிந்து வீட்டுக்கு வர இரவு ஏழு மணியாகும். கிழமைக்கு நாலு எபிசோடுக்கு மேல் நேரம் கிடைக்காது. ஒவ்வொரு சீசனும் ஐம்பது தொடர் வருகிறது. முதல் எபிசோட் பிரமாதம் என்று எல்லாரும் சொல்லுவதைக் கேட்டுத் தொடங்கினால் பாதியில் படுத்துவிடுகிறது. எப்படித் தெரிவு செய்வது? எத்தனை மணிக்கு, எங்கே பார்ப்பது? முடியும் வரை காத்திருந்து மொத்தமாகப் பார்ப்பது நல்லதா?"

முதல் எபிசோடை நம்பி ஒரு தொடருக்கு இடம் கொடுக்காதீர்கள். அதிக நாள் எடுத்து, கையில் இருக்கிற நல்ல ஓவியர்களை எல்லாம் போட்டுச் செய்வது அதைத்தான். ட்ரெய்லருக்கு வெட்டி எடுப்பதும் அதில் இருந்துதான், முன்கூட்டிய திரையிடலுக்குக் கொண்டுபோவதும் அதைத்தான். மிச்ச எபிசோட்களைப் பல ஸ்டூடியோக்கள் ஒளிபரப்பு தொடங்கிய பிறகும் வரைந்துகொண்டே இருக்கும். முடித்து வைத்த எபிசோட் மூன்றோ நாலோ இருந்தால் ஐந்தாம், ஆறாம் கிழமையில் அந்தக் கையிருப்பு தீர்ந்துவிடும். முகங்கள் கோணுவதும், ஆட்கள் நின்ற இடத்திலேயே நின்று வாயை மட்டும் அசைப்பதும், சண்டை நடக்கும்போது கமெரா வானத்தைப் பார்ப்பதும் அதற்குப் பிறகுதான்.

2024 செப்டெம்பர் கடைசியில் வந்த உஸுமாகி இதற்கு நல்ல சாட்சி. கறுப்பு வெள்ளையில் முதல் எபிசோடைப் பார்த்தவர்கள் அந்த வருடத்தின் சிறந்த அனிமே என்றே எழுதினார்கள். இத்தனைக்கும் மொத்தம் நாலே எபிசோட். இரண்டாவதிலேயே அசைவு கட்டையாகிப்போனது. 2023 ஜூலையில் தொடங்கிய ஸோம் 100 வேறு மாதிரி அடிபட்டது. படம் கெடவில்லை, நேரம்தான் கெட்டது. செப்டெம்பருக்குள் ஒன்பது எபிசோட்தான் வந்தது. கடைசி மூன்றையும் டிசம்பர் 25ஆம் திகதி ஒன்றாக விட்டார்கள். 2021இல் வந்த வொண்டர் எக் ப்ரையோரிட்டி எட்டாவது கிழமையில் புது எபிசோடுக்குப் பதிலாகப் பழைய காட்சிகளைத் தொகுத்துப் போட்டது. முடிவை ஜூனில் தனி ஸ்பெஷலாக விட்டார்கள், அந்த முடிவும் யாருக்கும் பிடிக்கவில்லை.

அப்படியென்றால் தொடங்க முன் எதைப் பார்ப்பது? முதலில் இயக்குநர் யார் என்று பாருங்கள், ஸ்டூடியோ பெயரை அல்ல. நம்மிடையே அதிகம் நடக்கும் பிழை இது. "மாப்பா செய்கிறது, நல்லாத்தான் இருக்கும்" என்று கதைப்பார்கள். ஒரே ஸ்டூடியோவுக்குள் ஒரே நேரத்தில் நாலைந்து குழுக்கள் வேலை செய்யும். ஒன்றுக்கும் மற்றதற்கும் சம்பந்தமே இருக்காது. க்ளோவர்வேர்க்ஸ் 2021 ஜனவரியில் த ப்ரொமிஸ்ட் நெவர்லேண்ட் இரண்டாம் சீசனைக் கொண்டுவந்தது, 2022 ஒக்டோபரில் பொச்சி த ரொக்கையும் கொண்டுவந்தது. முதலாவது ரசிகர்களின் வாயில் இன்றும் வசவு வாங்குகிறது. இரண்டாவது அந்த சீசனின் ஆச்சரியம். பொச்சியை இயக்கிய கெய்இச்சிரோ சைட்டோ அடுத்த வருடம் மட்ஹவுஸ் ஸ்டூடியோவுக்குப் போய் ஃப்ரீரன் செய்தார். அவர் பெயரைக் கவனித்து வைத்திருந்தவர்களுக்கு ஃப்ரீரன் அதிர்ச்சியாக இருந்திருக்காது.

தொடர்ச்சி சீசன் என்றால் இதை இன்னும் உன்னிப்பாகப் பார்க்க வேண்டும். வன் பஞ்ச் மேன் 2015இல் மட்ஹவுஸில் ஷிங்கோ நட்சுமேயின் இயக்கத்தில் வந்தது. 2019இல் வந்த இரண்டாம் சீசனுக்கு ஸ்டூடியோவும் மாறியது, இயக்குநரும் மாறினார். விளைவு, அசைவின் தரம் இறங்கி ரசிகர்கள் ஏமாந்தார்கள். 2025 ஒக்டோபரில் வந்த மூன்றாவதைப் பற்றிக் கதைக்காமல் விடுவதே நல்லது. ஆனால் வின்லண்ட் சாகாவைப் பாருங்கள். 2019இல் விட் ஸ்டூடியோ, 2023இல் மாப்பா. இயக்குநர் ஷூஹெய் யபுட்டா இரண்டிலும் இருந்தார். பார்க்கிறவருக்கு மாற்றமே தெரியவில்லை. ஸ்டூடியோ மாறியது என்று கேட்டவுடனே பயப்பட வேண்டியதில்லை. இயக்குநரும், முழுத் தொடரின் திரைக்கதையை அமைக்கிற கதைத் தொகுப்பாளரும் சேர்ந்து மாறியிருந்தால் பயப்படலாம்.

அடுத்தது கணக்கு. மங்காவில், அதாவது ஜப்பானியச் சித்திரக் கதையில் இருந்து எடுக்கிற தொடர் என்றால், எத்தனை எபிசோடில் எத்தனை அத்தியாயத்தை முடிக்கப் போகிறார்கள் என்று பாருங்கள். கிழமை இதழில் வருகிற மங்காவுக்கு ஒரு எபிசோடில் இரண்டு மூன்று அத்தியாயம் இயல்பான நடை. ஃப்ரீரன் முதல் சீசன் 28 எபிசோடில் 60 அத்தியாயம் வரை போனது, அதாவது எபிசோடுக்கு இரண்டு சொச்சம். அந்த நிதானம்தான் அதன் உயிர். ப்ரொமிஸ்ட் நெவர்லேண்ட் முதல் சீசன் 12 எபிசோடில் 37 அத்தியாயம் எடுத்தது, அளவான நடை. மங்கா மொத்தம் 181 அத்தியாயம். மிச்சம் 144ஐயும் இரண்டாம் சீசனின் 11 எபிசோடுக்குள் தள்ளி முடித்துவிட்டார்கள். முக்கியமான பகுதிகளை அப்படியே தாண்டினார்கள். எபிசோட் எண்ணிக்கை அறிவித்த அன்றே இந்தக் கணக்கைப் போட்டிருந்தால் ஏமாற்றம் பாதி குறைந்திருக்கும். மாத இதழில் வருகிற மங்காவின் அத்தியாயம் நீளம் கூடியது, அதற்கு எபிசோடுக்கு ஒன்று போதும்.

மூன்றாவது, கூர் எண்ணிக்கை. ஒரு கூர் என்பது மூன்று மாதம், 11 முதல் 13 எபிசோட். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, ஒக்டோபர் என்று வருடத்துக்கு நாலு. 12 எபிசோட் என்று போட்டிருந்தால் கதை நடுவில் நிற்கும் வாய்ப்பு அதிகம் என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். டான்டடான் 2024இல் 12ஆவது எபிசோடைக் காட்சியின் நடுவிலேயே வெட்டிவிட்டுப் போனது, மிச்சம் 2025 ஜூலையில்தான் வந்தது. ஸ்பை ஃபேமிலி மாதிரி ஒரு கூர் ஓடி, ஒன்று ஓய்ந்து, பிறகு அடுத்தது வருவதும் உண்டு. இந்த முறை தரத்துக்கு நல்லது, பார்க்கிறவரின் பொறுமைக்குத்தான் கெடுதி.

பார்த்தவர்கள் புள்ளி போடுகிற மை அனிமே லிஸ்ட் தளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தொடர்ச்சி சீசனின் புள்ளி எப்போதும் ஊதியிருக்கும். முதல் சீசன் பிடிக்காதவர் இரண்டாவதைத் தொடவே மாட்டார், ஆகவே புள்ளி போடுகிறவர் எல்லாம் ஏற்கனவே ரசிகர்கள். ஒளிபரப்பாகிய முதல் இரவிலேயே வருகிற புள்ளிக்கு இன்னும் மதிப்புக் குறைவு. புதுத் தொடருக்கு ஐந்தாம் கிழமைக்குப் பிறகு புள்ளி ஏறுகிறதா இறங்குகிறதா என்று மட்டும் பாருங்கள்.

மூன்று எபிசோட் பார்த்து முடிவெடுக்கும் வழக்கத்துக்குப் பெரும்பாலும் 2011இல் வந்த மடோகா மஜிகாவைத்தான் உதாரணம் காட்டுவார்கள். அதன் மூன்றாம் எபிசோடில்தான் கதையின் போக்கே மாறும். கதை உங்களுக்குப் பிடிக்கிறதா என்று அறிய மூன்று போதும். தயாரிப்பு தாங்குமா என்று அறிய மூன்று காணாது. அதற்கு முடிவில் ஓடும் பெயர் வரிசையைப் படிக்கப் பழக வேண்டும். கடைசி 90 செக்கனை எல்லாரும் தாண்டிவிடுகிறார்கள், ஆனால் உண்மை இருப்பது அங்கேதான்.

அந்த வரிசையில் ஸ்டோரிபோர்ட், எபிசோட் இயக்கம், பிறகு அனிமேஷன் டைரக்டர் என்று வரும். ஜப்பானியப் பெயர் சகுகா கன்தொகு. வேறு வேறு ஆட்கள் வரைந்த முகங்களைத் திருத்தி ஒரே மாதிரி ஆக்குவது இவருடைய வேலை. ஒரு எபிசோடுக்கு ஒருவரோ இருவரோ, மூவரோ இருந்தால் வேலை ஒழுங்காகப் போகிறது. சாதாரணமாக உட்கார்ந்து கதைக்கிற எபிசோட் ஒன்றுக்குப் பத்துப் பதினைந்து பேர் போட்டிருந்தால் நேரம் தலைக்கு மேல் போய்விட்டது என்று அர்த்தம். ஆளுக்கு இருபது ஷாட் என்று பிரித்துக் கொடுத்திருப்பார்கள். முதல் எபிசோடில் இரண்டு, மூன்றாவதில் ஐந்து, ஐந்தாவதில் பன்னிரண்டு என்று கூடிக்கொண்டு போனால் அடுத்த கிழமை தொகுப்பு எபிசோட் வரும் என்று எதிர்பார்க்கலாம். பெரிய சண்டை எபிசோடுக்கு மட்டும் இந்தக் கணக்கைப் போடாதீர்கள், அதற்கு ஆட்கள் நிறையத்தான் வேண்டும். மறுபுறம், ஸ்டோரிபோர்ட், இயக்கம், அனிமேஷன் டைரக்டர் மூன்றுக்கும் ஒரே பெயர் இருந்தால் போனை ஓரமாக வைத்துவிட்டுக் கவனமாகப் பாருங்கள். அது ஒருவர் தன் கையாலேயே செதுக்கிய எபிசோட். ஜப்பானிய எழுத்து வாசிக்கத் தெரியாதவர்கள் அனிமே நியூஸ் நெட்வேர்க்கின் கலைக்களஞ்சியப் பக்கத்தில் எபிசோட் வாரியாகப் பெயர்களைப் பார்க்கலாம்.

நேரம் இல்லாவிட்டால் நல்ல கைகளும் தோற்கும். 2023 நவம்பரில் வந்த ஜுஜுட்ஸு கைசென் சுகுனா, மஹொராகா சண்டையை நினைத்துப் பாருங்கள். அதில் வேலை செய்த அனிமேட்டர்களே முடிக்க நாள் காணவில்லை என்று வெளிப்படையாக எழுதினார்கள். பிறகு விற்பனைக்கு வந்த டிஸ்க்கில் திருத்தி விட்டார்கள்.

படம் கெட்டது போலத் தெரிகிற எல்லாமே ஸ்டூடியோவின் குற்றமும் அல்ல. சண்டையில் மின்னல் அடிக்கிற இடத்தில் முழுத் திரையும் திடீரென்று மங்கி, அசைகிற கைக்குப் பின்னால் நிழல் இழுபட்டு, இரண்டு செக்கனில் பழையபடி வெளிச்சமாகிறதா? அது டீவி நிலையம் வேண்டுமென்றே செய்வது. 1997 டிசம்பர் 16ஆம் திகதி ஒளிபரப்பான போக்கிமொன் எபிசோடில் சிவப்பும் நீலமும் மாறி மாறி வேகமாக மின்னியதில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் வலிப்பு, தலைச்சுற்றல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அதற்குப் பிறகு வந்த கட்டுப்பாட்டால் வேகமான மின்னலை மங்கவைக்கிறார்கள். டீவிக்குக் கொடுத்த அதே பிரதி ஸ்ட்ரீமிங்குக்கும் வந்தால் நாமும் மங்கலாகத்தான் பார்ப்போம். மாறாக, இருட்டான மூலைகள் மட்டும் சதுரம் சதுரமாக உடைந்து தெரிந்தால் அது உங்கள் இணைப்பு, அல்லது நீங்கள் தெரிவு செய்த தரம். 480இல் இரவுக் காட்சி பார்த்துவிட்டு அனிமேஷன் மோசம் என்று எழுதுகிறவர்கள் நிறையப் பேர்.

இனி நேரம். ஜப்பான் நம்மைவிட மூன்றரை மணித்தியாலம் முன்னால். அங்கே நள்ளிரவுத் தொடர்களுக்கு 24:00, 25:30 என்று நேரம் எழுதுவார்கள். வியாழன் 25:30 என்றால் வெள்ளி அதிகாலை 1:30. நமக்கு இது வசதி: 25:30இல் மூன்றரையைக் கழித்தால் 22:00, கிழமையும் மாறாது, வியாழன் இரவு பத்து மணி. ஆனால் மை அனிமே லிஸ்ட் அதையே வெள்ளி 01:30 என்று போடும். அதைப் பார்த்து வெள்ளி இரவு வரை காத்திருந்து, அதற்குள் நண்பர்களின் ஸ்டேட்டஸில் முடிவைத் தெரிந்துகொள்வதுதான் வழக்கமாக நடப்பது. அனிலிஸ்ட் என்ற தளம் உங்கள் நேர வலயத்துக்கே இறங்குமுகமாக எண்ணிக் காட்டும், அதைப் பாவியுங்கள். அது காட்டுவது ஜப்பான் ஒளிபரப்பு நேரம் என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். சப்டைட்டிலோடு வருவது அதே நேரமாகவும் இருக்கும், அரை மணி, ஒரு மணி பிந்தியும் இருக்கும், உரிமம் எடுத்தவரைப் பொறுத்து நாள் கணக்கிலும் பிந்தும். ஃப்ரீரன் ஓடிய வெள்ளி 23:00 நமக்கு இரவு ஏழரை. வன் பீஸ் 2025 ஏப்ரலில் ஞாயிறு 23:15க்கு மாறியது, நமக்கு இரவு 7:45. முன்பு 9:30க்கு ஓடியபோது இங்கே விடிகாலை ஆறு மணி. நீங்கள் வேலை விட்டு வருகிற நேரத்துக்கு ஜப்பானின் நள்ளிரவு நிரல் அளவெடுத்த மாதிரிப் பொருந்தும்.

எங்கே பார்ப்பது என்றால், முதலில் யூடியூபில் மியூஸ் ஏசியா, அனி-வன் ஏசியா இரண்டையும் தேடுங்கள். ஆசிய உரிமம் எடுத்துப் போடுகிறவர்கள், பல தொடர்களில் இலங்கையும் அடங்கும். எந்தெந்த நாட்டுக்கு என்று பெரும்பாலும் வீடியோவின் கீழ்க் குறிப்பில் இருக்கும். இலவசம் என்றாலும் சில தொடர்களைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு எடுத்துவிடுவார்கள், ஆகவே "பிறகு பார்ப்போம்" என்று சேர்த்து வைக்காதீர்கள். வீட்டு டீவியில் போடும்போது எழுத்து வரவில்லை என்றால் சிசி பட்டனை அழுத்திப் பாருங்கள். நெட்ஃப்ளிக்ஸில் சில தொடர் கிழமைக்கு ஒன்றாக வரும், சில மொத்தமாக வரும். க்ரஞ்சிரோல் போன்றவற்றில் பணம் கட்ட முன், நீங்கள் பார்க்கப் போகும் தொடர் இலங்கைப் பட்டியலில் இருக்கிறதா என்று தேடிப் பார்த்துவிட்டுக் கட்டுங்கள். அமெரிக்கப் பட்டியலைப் பார்த்துக் கட்டினால் ஏமாறுவீர்கள். வங்கி அட்டையில் வெளிநாட்டு ஒன்லைன் கொடுப்பனவு திறந்திருக்கவும் வேண்டும். முதல் முறை கொடுப்பனவு விழாமல் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

டேட்டா: 24 நிமிட எபிசோட் 480இல் ஏறத்தாழ 150 எம்பி, 720இல் 300 எம்பி, 1080இல் 500 எம்பியைத் தொடும். கிழமைக்கு நாலு எபிசோட் 720இல் பார்த்தால் மாதம் ஐந்து ஜிபி. இரவு டேட்டா தனியாகத் தருகிற பக்கேஜ் என்றால், வேலைக்குப் போகும்போது 100, 101 பஸ்ஸில் பார்க்க வேண்டியதை இரவே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நாலு இடத்தை எப்படிப் பிரிப்பது? ஒன்று, அதே இயக்குநர் தொடர்கிற தொடர்ச்சி சீசனுக்கு. இரண்டாவது, அத்தியாயக் கணக்கு பொருந்துகிற புது மங்காத் தொடருக்கு. மூன்றாவது, சண்டையே இல்லாத ஒன்றுக்கு: சமையல், விசாரணை, இசை, எதுவானாலும். இந்த வகையில் நடிப்பும் வசனமும்தான் சுமக்கின்றன, தயாரிப்பு தள்ளாடினாலும் அவ்வளவு தெரியாது. அபோதிகரி டயரீஸ் 2023இலும் 2025இலும் 24, 24 எபிசோடாக வந்தும் சலிக்காமல் போனதற்குக் காரணம் அதுதான். நாலாவது இடத்தைச் சும்மா விடுங்கள். ஐந்தாம் கிழமை முடிந்ததும், எந்தப் புதுத் தொடர் இன்னும் நிமிர்ந்து நிற்கிறது என்று பார்த்து அதைப் போடுங்கள். மங்கா இல்லாத சொந்தக் கதைத் தொடர்கள் பெரும்பாலும் இந்த இடத்துக்குத்தான் சரி. அவற்றுக்கு முடிவு எப்படி என்று யாருக்கும் தெரியாது, வொண்டர் எக் மாதிரிச் சரியவும் கூடும், 2021இன் ஒட் டக்ஸி மாதிரி 13 எபிசோடில் ஒரு நூலும் தொங்காமல் முடியவும் கூடும்.

காத்திருப்பதா என்ற கேள்விக்கு வருவோம். மர்மத் தொடரைக் கிழமைக்கு ஒன்றாகவே பாருங்கள். ஒட் டக்ஸியை ஒரே நாளில் பார்த்தால் யோசிக்கிற இன்பம் போய்விடும். 2025 ஜூலையில் வந்த த சம்மர் ஹிகாரு டைட் அப்படித்தான், அந்தப் பயம் ஊறுவதற்கு இடைவெளி வேண்டும். 24 எபிசோட் ஒரே மூச்சில் ஓடுகிற டெலிஷியஸ் இன் டஞ்சன் போன்றதை இரண்டிரண்டாகப் பார்த்தால் சுவை கூடும். சண்டைத் தொடரில் டிஸ்க் திருத்தம் வரும் என்று தெரிந்தால் காத்திருக்கலாம், ஆனால் அதுவரை கதையின் முடிச்சு காதில் விழாமல் காப்பாற்றுவது கஷ்டம். ஜம்ப் என்ற மங்கா இதழின் புது அத்தியாயம் மங்கா ப்ளஸ் தளத்தில் நமக்கு ஞாயிறு இரவு எட்டரைக்குத் திறக்கும். திருட்டுப் பிரதி அதற்கு முன்பே சுற்றும். எழுத்தை விட யூடியூப் சிறுபடங்கள்தான் அதிகம் காட்டிக்கொடுக்கும், ஆகவே தொடரின் பெயரோடு வருகிற சனல்களுக்கு "பரிந்துரைக்க வேண்டாம்" கொடுத்துவிடுங்கள்.

வன் பீஸைப் புதிதாகத் தொடங்குவதா என்று யோசிக்கிறவர்கள் இந்தக் கணக்கில் சேரமாட்டார்கள். 1999இல் தொடங்கி ஆயிரத்தைத் தாண்டிய எபிசோட்களைக் கிழமைக்கு நாலு என்று பார்த்தால் ஐந்து வருடத்துக்கு மேல் போகும். 2026இல் இருந்து வருடத்துக்கு அதிகபட்சம் 26 எபிசோட்தான் என்று அறிவித்துவிட்டார்கள், ஆகவே துரத்திப் பிடிக்க முடியும். அதற்கு ஐந்தாவது இடம் ஒன்று வேண்டும், நாலுக்குள் அடைக்காதீர்கள்.

தமிழ் டப்புக்காகக் காத்திருக்கிறவர்களும் இருக்கிறார்கள். சோலோ லெவலிங் போன்றவற்றைக் க்ரஞ்சிரோல் தமிழிலும் கொடுத்தது. எபிசோட் சில கிழமை பிந்தித்தான் வரும், பேச்சு இந்தியத் தமிழ். வீட்டில் சப்டைட்டில் வாசிக்க முடியாத சின்னப் பிள்ளைகள் கூட இருந்து பார்ப்பதென்றால் எடுங்கள். அவர்களோடு பார்க்க முன், வயதுக் குறியீட்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். சோலோ லெவலிங்கின் இரண்டாம் எபிசோடே ரத்தக்களரி.